செவிடன் வீட்டுப் பெண்

அத்தியாயம் 11

டாமியான் ‘நீங்க’ என்று கூப்பிட்டபோதே ஸ்லவ்காவுக்கு ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

பன்னிரண்டு வருஷமாக அவன் அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவான். ஆஸ்பத்திரியின் அவசர அழைப்பு அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள். அவன் அறைத் தலைவனாகிக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குடிபோன பிறகும் அந்த ‘நீ’ மட்டும் மாறவில்லை. இன்று, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, “உட்காருங்க ஸ்லவ்கா. காபி சாப்பிடறீங்களா?” என்கிறான்.

ஸ்லவ்கா திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். “யாரு, மந்திரி யாராவது வந்திருக்காரா?”

டாமியான் சிரிக்கவில்லை. “எச்சில் பரிசோதனை முடிவு வந்திருக்கு.”

அந்தப் பரிசோதனைக்காகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியவள் ஸ்லவ்காதான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பள்ளத்தாக்குகளின் மாரடைப்பும் பிரசவமும் டிராக்டர் கவிழ்ந்ததும் ராத்திரியில் மூன்றே பேர் காதில் வந்து விழுகின்றன. நான்காவது ஆள் வேண்டும் என்று அவள் கேட்டாள். ஆதாரம் கொண்டு வா என்றது நிர்வாகம். அதன் பிறகுதான் ஊழியர் நல டாக்டர் யோசனை சொன்னார். மன அழுத்தம் வந்தால் உடம்பில் சுரக்கிற கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அளக்கலாம். பதினாலு பேர், ஐந்து நாள், நாளுக்கு நாலு தடவை. கண் விழித்ததும் ஒரு ட்யூபில் துப்ப வேண்டும், அரை மணி கழித்து ஒன்று, மத்தியானம் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. ட்யூபில் பெயர் கிடையாது. அவரவர் ஒரு ரகசியச் சொல்லை எழுதி ஒட்டினால் போதும்.

“என் எச்சில என் புருஷனே பாத்ததில்ல, நிர்வாகத்துக்கு எதுக்குக் காட்டணும்?” என்று முரண்டு பிடித்த ஃபானிகாவை, ரிட்டயராக இரண்டு வருஷமே பாக்கியுள்ள அந்த மனுஷியை, ஸ்லவ்காதான் சமாதானம் செய்தாள். யாருடையது என்று யாருக்கும் தெரியாது, என் மேல் ஆணை என்றாள்.

டாமியான் ஒரு தாளைத் திருப்பி வைத்தான். அதில் இரண்டு கோடுகள்.

“இது நல்லா இருக்கற உடம்பு. பாருங்க, காலையில எழுந்த அரை மணியில எப்படி ஏறுது. அப்பறம் சாயங்காலம் வரைக்கும் மெதுவா இறங்குது. இந்த ஏத்தம்தான் நம்மள வேலைக்கு எழுப்பி விடறது.” விரல் அடுத்த கோட்டுக்குப் போனது. அது மேஜை விளிம்பைப் போல் நேராகக் கிடந்தது. “இது உங்களது.”

ஸ்லவ்கா கோட்டைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

“என்னோடதுன்னு எப்படித் தெரியும்?”

“‘க்ளுஹி’ நீங்கதானே?”

க்ளுஹி என்றால் செவிடன். காதை வைத்துப் பிழைக்கிற பதினாலு பேரில் ஒருவர் இந்தச் சொல்லை எழுதினால் பார்க்கிறவர்கள் கேலி என்றுதான் நினைப்பார்கள். அது கேலி இல்லை. ஸ்லவ்கா பிறந்த மலை வீட்டின் பெயர் அது. வரி வசூலிக்க வந்தவனிடம் காது கேட்காததுபோல் நடித்துத் தப்பிய ஏதோ ஒரு முப்பாட்டனின் புண்ணியம். பதிவேட்டில் அவர்கள் லெஸ்யாக் குடும்பம், ஆனால் மலையில் கேட்டால் ‘செவிடன் வீடு’ என்றுதான் கை காட்டுவார்கள். ஊரில் இறங்கி, கல்யாணமாகி, குடும்பப் பெயரும் மாறி இருபது வருஷம் ஆனபின் இங்கே அந்தப் பெயர் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில்தான் எழுதினாள். தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். இரண்டு பேரும் அவளுடைய சொந்தம்.

“யாரு சொன்னாங்க?”

“அது முக்கியமில்ல. திங்கட்கிழமைலேருந்து கீழ பழைய பதிவு அறைக்குப் போங்க. போன் கிடையாது, ராத்திரி கிடையாது. நீங்களா விருப்பப்பட்டுக் கேட்ட மாதிரி ஒரு தாள் அடிச்சுத் தரேன். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“பத்தொன்பது வருஷம் போன்ல உக்காந்திருக்கேன் டாமியான். யாரு சொன்னாங்கன்னு கேட்டேன்.”

“நீ இதைப் பெருசு பண்ணாதே,” என்றான் டாமியான். பன்னிரண்டு வருஷப் பழக்கம் தன்னையறியாமல் வெளியே வந்துவிட்டது. உடனே காபிக் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டான்.

பத்தரைக்கு மாலித்சா. மலையே சரிந்து விழுந்தாலும் இந்த நாட்டில் வேலை நடுவே சாப்பிடும் அந்த அரை மணி தள்ளிப்போகாது. மற்றவர்கள் கேன்டீனுக்கு நடக்க, ஸ்லவ்கா முற்றத்தைத் தாண்டி ஊழியர் நல மருத்துவப் பிரிவுக்குள் நுழைந்தாள். அவளுடைய தங்கை மார்யெட்டா அங்கே நர்ஸ். பதினாலு பேரின் ட்யூபுகளையும் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து லேபுக்கு அனுப்பியவள் அவள்தான்.

மார்யெட்டா மேஜையில் பீன்ஸ் சாலட் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். பூசணி விதை எண்ணெய் கரும்பச்சையாக மிதந்தது. “வா வா! ஒரு ஃபோர்க் எடுத்துக்கோ.”

“டாமியான்கிட்ட நீதானே சொன்னே?”

“என்னத்த?”

“க்ளுஹி நான்தான்னு.”

ஃபோர்க் பாதி வழியில் நின்றது. “நான் சொல்லல.”

“அப்ப யாரு? நம்ம அப்பா கல்லறையிலேருந்து எழுந்து வந்து சொன்னாரா?”

“ஸ்லவ்கா, சத்தியமா நான் சொல்லல.” அவள் ஃபோர்க்கைக் கீழே வைத்தாள். “ஆனா அது நீதான்னு எனக்குத் தெரியும். பெட்டியைத் திறந்த அன்னிக்கே தெரியும். நம்ம வீட்டுப் பேரு, உன் கோழிக் கிறுக்கல். தனியா உக்காந்து சிரிச்சேன்கூட. அப்பறம் முடிவு வந்துச்சு. சிரிப்பு நின்னு போச்சு.”

“எப்ப வந்துச்சு?”

மார்யெட்டா டப்பாவை ஓரமாகத் தள்ளினாள். “மூணு வாரம் ஆச்சு.”

மூன்று வாரம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று ஞாயிறும் ஸ்லவ்கா இவள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாள்.

“ஏண்டீ, எனக்கு ரெண்டாவது கரண்டி சூப் ஊத்தினியே, கண்ணு ஏன் இப்படிக் குழி விழுந்திருக்குன்னு கேட்டியே. பதிலைக் கையில வெச்சுக்கிட்டா கேட்டே?”

“நான் என்ன செய்ய? யாருன்னு தெரிஞ்சாலும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்கிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. ஆளைக் கூப்பிட்டுச் சொல்ற பொறுப்பு டாக்டரோடது. அவருக்கு ஆள் யாருன்னு தெரியாது, எனக்குத் தெரிஞ்சும் சொல்ல முடியாது. ராத்திரி தூக்கம் வரல எனக்கு.”

“அப்ப உன் எச்சிலையும் அளந்து பாக்கச் சொல்லு.”

மார்யெட்டாவின் கண்ணில் நீர் முட்டியது. ஸ்லவ்காவுக்கு இரக்கம் வரவில்லை. தன் மேலேயே வராத இரக்கம் தங்கை மேல் மட்டும் எங்கிருந்து வரும்?

“கேளு,” என்றாள் மார்யெட்டா, குரலைத் தாழ்த்தி. “இது வியாதின்னு டாக்டர் சொல்லவே இல்ல. பகலும் ராத்திரியும் மாத்தி மாத்திப் போட்டா உடம்புக்கு எது காலைன்னே தெரியாம போயிடும், கோடு படுத்துடும். ஆளைக் கூட்டி, ஓய்வு குடுத்தா திரும்பி எழுந்திருக்கலாம்ங்கறார். அஞ்சு நாள் எச்சில வெச்சு ஒருத்தர வேலையிலேருந்து தூக்கறது அநியாயம்னும் எழுதியிருக்கார்.” அவள் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, உப்பை நகர்த்துவதுபோல் மேஜையில் தள்ளினாள். “இதை நான் காட்டல. நீ பாக்கல. எண்ணிப் பாரு.”

ரகசியச் சொற்கள் வரிசையாக இருந்தன. ஊறுகாய். ஏழாம் நம்பர். மாமியார். க்ளுஹி. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோடு.

ஸ்லவ்கா எண்ணினாள். பதினாலில் ஒன்பது கோடுகள் படுத்துக் கிடந்தன.

“இந்தத் தாள் டாமியானுக்கும் போச்சா?”

“அதே தாள்தான் போச்சு.”

ஆக, ஒன்பது பேர் படுத்துக் கிடக்கிறார்கள் என்று தெரிந்தும் அவன் ஒருத்தியை மட்டும் தேடிப் பிடித்திருக்கிறான். நான்காவது ஆள் வேண்டும் என்று கத்துகிற வாய் எதுவோ அதைத்தான் கீழே அனுப்புகிறான்.

பக்கத்து அறையில் போன் அடித்தது. மார்யெட்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பியபோது ஸ்லவ்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“சாப்பிடாமலா போறே?”

“உன் சாலட்ட நீயே சாப்பிடு,” என்று சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு அழைப்பு. பதற்றத்தில் வாய் குழறிய ஒரு பெண். புருஷனைத் தேனீக்கள் கொட்டிவிட்டன, அவன் நாக்கு தடித்துவிட்டது.

“முகவரி சொல்லுங்க. நல்லது. வண்டி கிளம்பிடுச்சு. வீட்டுல அலர்ஜி ஊசி வெச்சிருக்காரா? எங்க இருக்கு? ஓடாதீங்க, நடந்து போங்க, போனைக் கையிலயே வெச்சுக்கோங்க. தொடையில, துணி மேலயே குத்துங்க. பத்து எண்ணுங்க, நானும் கூட எண்ணறேன்.”

ஆறு நிமிஷத்தில் வண்டிக்காரர்களின் குரல் கேட்டது. ஆள் மூச்சு விடுகிறான். பக்கத்து நாற்காலி ஃபானிகா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். ஸ்லவ்காவின் கைகள் ஐஸ்போலக் குளிர்ந்திருந்தன, ஆனால் குரல் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இந்த நாற்காலியை விட்டால் தனக்கு என்ன தெரியும் என்று அவளுக்கே தெரியாது. அதுதான் பயம்.

மூன்று மணிக்கு டாமியானின் உதவியாளர் ஒரு உறையை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ‘சொந்த விருப்பத்தின் பேரில் இடமாற்றம்’ என்று தலைப்பு. கீழே காரணங்கள். சோர்வு. பரிசோதனை முடிவு. மூன்றாவது வரியில் ஸ்லவ்காவின் கண் நின்றது.

‘அழைப்பின் நடுவே எட்டு விநாடி பேச இயலாமல் போனது.’

போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அன்று ஒருவன், மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாள் என்று அழைத்தான். ஸ்லவ்கா வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. மண்டைக்குள் யாரோ விளக்கை அணைத்த மாதிரி இருந்தது. திரையில் கடிகாரம் எட்டு விநாடி ஓடியது. “ஹலோ! ஹலோ! யாராவது இருக்கீங்களா?” என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். பிறகு அவள் திரும்பி வந்தாள். வண்டி போனது, அந்த அம்மாள் பிழைத்தாள். புகார் இல்லாததால் பதிவை யாரும் கேட்கவில்லை.

அந்த எட்டு விநாடியை அவள் ஒரே ஒருவனிடம் சொன்னாள். அவன் தோளில் முகத்தைப் புதைத்து, விக்கி விக்கிச் சொன்னாள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொள்ளவில்லை. கட்டின புருஷனிடம் அப்படியா கேட்பார்கள்?

தாளை மடித்தாள். நிமிர்ந்தபோது ஃபானிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கீழ அனுப்பறாங்களாமே?”

“யாரு சொன்னா?”

“இந்த அறையில சுவருக்குக் காது உண்டு, அதுக்கு ஹெட்செட் வேற மாட்டியிருக்கு.” ஃபானிகா சிரிக்காமல்தான் சொன்னாள். “ஸ்லவ்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ‘என் மேல ஆணை’ன்னு சொன்னியே. உன்னைக் கண்டுபிடிச்சவங்க என்னைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்?”

ஸ்லவ்கா உறையைப் பைக்குள் திணித்தாள். ஃபானிகா ஹெட்செட்டைச் சரி செய்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படித் திரும்பியது இதுதான் முதல் தடவை.

மாலை ஏழரை. ஜூன் மாத வெயில் இன்னும் கூரைகளில் இருந்தது. புதன்கிழமை என்றால் ஊர்த் தொண்டர் தீயணைப்புச் சங்கத்தில் பயிற்சி. முற்றத்தில் நனைந்த குழாய்களை உலரப் போட்டுவிட்டு ஆண்கள் பெஞ்சில் சோடா கலந்த வெள்ளை ஒயினோடு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்தின் தளபதி டாமியான். ஸ்லவ்கா கேட்டைத் திறப்பதைப் பார்த்ததும் அவனுக்குத் தீயணைப்பு லாரியின் பின்பக்கம் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் ஒவ்வொருவராகத் தாகம் தீர்ந்தது.

அவள் புருஷன் ஸ்ரெச்கோ மட்டும் பெஞ்சில் மிச்சம். அவனுடைய பெயருக்கு அதிர்ஷ்டக்காரன் என்று அர்த்தம். ‘அதிர்ஷ்டத்தையே கட்டியிருக்கே’ என்று இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லியே அவளைக் கேலி செய்வான்.

“என்னம்மா, என்னைத் தேடிக்கிட்டு இங்கயே வந்துட்டே?”

“எத்தனை கிளாஸ் உள்ள போனதும் சொன்னே?”

“என்னத்த?”

“வீட்டுப் பேர. எட்டு விநாடிய.”

ஸ்ரெச்கோ கிளாஸைக் கீழே வைத்தான். மறுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த மட்டும் நல்லவன்தான்.

“அவன் கவலைப்பட்டுக் கேட்டான் ஸ்லவ்கா. யாருக்கோ ரொம்ப மோசமா வந்திருக்கு, ‘க்ளுஹி’ன்னு போட்டிருக்கு, யாருன்னு தெரிஞ்சா உதவலாம்னான். நான் சிரிச்சுட்டேன். அது எங்க மாமனார் வீடுய்யான்னு வாயில வந்துடுச்சு.”

“அது வாயில வந்துச்சு. எட்டு விநாடி?”

“உன் நல்லதுக்குத்தான்! தூக்கத்துல ‘முகவரி சொல்லுங்க’ங்கறே. நேத்து என்னையே கேட்டே. பக்கத்துல படுத்திருக்கற எனக்கு நம்ம முகவரி என்னன்னு சொல்ல வேண்டியிருக்கு. நீ செத்துப் போயிடுவேன்னு எனக்குப் பயம். நான் சொன்னா கேக்க மாட்டே, அவன் சொன்னாலாவது கேப்பேன்னு நெனச்சேன்.”

அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. ஸ்லவ்கா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு ஸ்ரெச்கோ, யாரும் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னான்.

“ஞாயித்துக்கிழமை என்னைத் துணைத் தளபதியாப் போடறாங்களே, அதுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.”

துணைத் தளபதி விஷயமே ஸ்லவ்காவுக்கு இப்போதுதான் தெரியும்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் சொல்வார்கள். மேய்ந்தபின் வேலி இப்படி அன்பாகவும் பேசும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. திட்ட வேண்டும் போலிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் தலைக்கு மேல், சங்கத்தின் சுவர்க் கடிகாரத்தில் சிவப்பு விநாடி முள் நகர்ந்தது.

“ஏதாவது பேசு,” என்றான் ஸ்ரெச்கோ.

முள் நகர்ந்தது.

“ஸ்லவ்கா? கேக்குதா? என்ன இது, ஏதாவது சொல்லேன்!”

முள் எட்டாவது கோட்டில் வந்து நின்று தாண்டியது.

“இதுதான் எட்டு விநாடி, ஸ்ரெச்கோ,” என்றாள் அவள். “அன்னிக்கு நான் திரும்பி வந்துட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் அவன் கூப்பிட்டது கேட்டது. செவிடன் வீட்டுப் பெண், கேட்காதவள் போலவே கேட்டைச் சாத்தினாள்.

வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆற்றோரமாகப் பேருந்து நிலையம் வரை நடந்தாள். பையில் செல்போன் அதிர்ந்தது. ஸ்ரெச்கோவாக இருக்கும் என்று பார்த்தால், மார்யெட்டா.

‘மேஜைல இருந்த அட்டவணையைக் காணோம். டாக்டர் நாளைக்குக் காலைல கேப்பார், என் வேலை போயிடும். நீ எடுக்கலைன்னு மட்டும் சொல்லு. நான் நம்பறேன்.’

ஸ்லவ்கா பைக்குள் கை விட்டாள். கையெழுத்துப் போடாத உறை இருந்தது. அதற்குப் பின்னால், நாலாக மடித்த இன்னொரு தாள். மடிப்பில் பூசணி எண்ணெய் பச்சையாகக் கசிந்திருந்தது. ஒன்பது கோடுகளைக் காட்டி ஃபானிகாவைக் காப்பாற்றவும் தன் நாற்காலியைக் காப்பாற்றவும் அவள் கையில் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

மாதக்கணக்காகக் காலையில் எழுந்திருக்க மறுத்த அந்த ஹார்மோன் இந்தச் சாயங்காலத்தில் எங்கிருந்தோ ஏறி வந்தது. நெஞ்சு தட்டியது, கை சுட்டது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் பளிச்சில், நம்பியவர்களை ஏமாற்றியவர்கள் இன்று இந்தக் குடும்பத்தில் தன்னையும் சேர்த்து மூன்று பேர் என்பதும் தெரிந்தது.

‘நான் எடுக்கல’ என்று அடித்து முடித்திருந்தாள். அனுப்பும் பொத்தானின் மேல் கட்டை விரல் நின்றது. விநாடிகளை எண்ண இந்த முறை அவளுக்குத் துணிச்சல் இல்லை.